தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் கல்



யாழ்ப்பாணத்திலே புகையிரதத்துக்குக் 'கோச்சி' என்று ஒரு பெயர் உண்டு. கோச்சி வரும் நேரம், கோச்சி போன நேரம் என்று பொழுதைக் கணக்கிட்ட ஊர்கள் கொடிகாமம் தொடக்கம் தெல்லிப்பழை வரை பல. அந்தக் கோச்சியைப் பற்றிப் பேசுவோர் அதன் வேகத்தைப் பேசுவர், கூட்டத்தைப் பேசுவர், கட்டணத்தைப் பேசுவர். தண்டவாளத்தைப் பற்றிப் பேசுவோர் சிலரே. தண்டவாளத்துக்கு அடியிலே குவிந்து கிடக்கின்ற கருங்கற்சல்லியைப் பற்றிப் பேசுவோரைக் காண்பது அரிது. வழியிலே கிடக்கும் கல்லுக்கு என்ன வரலாறு என்று எண்ணிவிடுகிறோம் போலும். ஆயினும் பல நூறு தொன் நிறையுள்ள ஒரு வண்டித்தொடர் மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்திலே தடம் புரளாது ஓடுவது அந்தக் கல்லின் தயவினாலேதான். கல் தன் இருப்பிலிருந்து நகர்ந்தால் கட்டை நகரும். கட்டை நகர்ந்தால் தண்டவாளம் கோணும். அப்பால் நிகழக்கூடியதைச் சொல்ல வேண்டுவதில்லை.

முதலில் அக்கல் செய்யும் தொழிலைப் பார்ப்போம். புகையிரதச் சில்லு தண்டவாளத்தைத் தொடுகின்ற இடம் பெருவிரல் நகத்தளவு பரப்புத்தான். அந்த நகத்தளவுப் பரப்பிலே பல தொன் பாரம் இறங்குகிறது. இரும்பு அதைத் தாங்கும், மண் தாங்காது. ஆதலால் பாரத்தைப் படிப்படியாகப் பரப்பிவிட வேண்டியிருக்கிறது. தண்டவாளம் அதைப் பல சிலிப்பர்கட்டைகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. கட்டை தன் அடிப்பரப்பு முழுவதற்கும் விரித்துக் கொடுக்கிறது. கட்டையின் கீழே ஏறத்தாழ ஓரடி ஆழத்துக்குப் பரப்பிய சல்லிக்கல், ஒரு கல்லிலிருந்து இரண்டு கல்லுக்கு, இரண்டிலிருந்து நாலுக்கு என்று பாரத்தை அகல விரித்து, மண்ணுக்கு வந்து சேரும்போது சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு கிலோவுக்கும் குறைவாக்கி விடுகிறது. நெல்வயலிலே நிற்கும் மனிதனின் காற்பாரத்தைப் போல ஆகிவிட்டது அந்த இரும்பு யானையின் பாரம்!

இது மட்டுமன்று. மழைநீரை உடனே கீழே வடியவிடுவதும் அக்கல்லே. கட்டையை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அசையாது பிடித்துக்கொள்வதும் அதுவே. இதற்காகத்தான் உருண்டைக் கல்லைப் பயன்படுத்துவதில்லை. ஆற்றுக் கூழாங்கல் பார்வைக்கு அழகாயிருக்கும். பாரம் ஏறியதும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி ஓடிவிடும். உடைத்த கருங்கல்லோ கூர்முனைகளும் சொரசொரப்பான முகங்களும் உடையது. ஒன்றின் முனை மற்றொன்றின் இடுக்கிலே புகுந்து பூட்டிக்கொள்ளும். கல்லின் பருமனும் ஏறத்தாழ 25 மில்லிமீற்றருக்கும் 65 மில்லிமீற்றருக்கும் இடைப்பட்டதாய் இருக்க வேண்டும். மிகச் சிறிதானால் நீர் வடியாது. மிகப் பெரிதானால் கட்டைக்கடியில் சீராக அமராது.

சல்லிக்கல்லுக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் கப்பற்றொழிலிலிருந்து வந்தது என்பர். சரக்கு இறக்கிவிட்டு வெறுமையாய்த் திரும்பும் கப்பல் கடலிலே கவிழாதிருக்க அடித்தட்டிலே கல்லும் மணலும் ஏற்றுவர். அப்படி வந்த அடிப்பாரக் கல்லை இங்கிலாந்தின் நிலக்கரித் துறைமுகங்களிலே இறக்கி, முதன்முதலிற் போட்ட வண்டிப்பாதைகளுக்குப் பரப்பினார்கள்; கப்பலிலே இருந்த பெயரும் கல்லோடு கரைக்கு வந்துவிட்டது. வல்வெட்டித்துறைப் பாய்க்கப்பலோட்டிகளின் வழியிலே வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நிலைகுலையாமல் இருக்கப் போடும் பாரம் என்பது கடலிலும் தரையிலும் ஒரே பொருள்தான்.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். இக்குடாநாட்டின் அடித்தளம் சுண்ணக்கல். கீரிமலைக் கேணியும் நிலாவரைக் கிணறும் அந்தச் சுண்ணக்கல்லை நீர் அரித்து ஆக்கியவை. காங்கேசன்துறையிலே 1950 ஆம் ஆண்டளவில் எழுந்த சீமெந்துத் தொழிற்சாலைக்கு ஆதாரமாக இருந்ததும் அக்கல்லே. மதிற்சுவருக்கும் கிணற்றுக்கட்டுக்கும் அது நல்ல கல். மக்கியாகத் தெருவுக்கும் போடுவர். ஆனால் புகையிரதப் பாதைக்கு ஆகாது, மெதுவானது. சில்லின் அதிர்விலே ஒன்றோடொன்று உராய்ந்து மாவாகும். மழைநீர் பட்டு அந்த மா களியாகும். ஆதலால் குடாநாட்டின் தண்டவாளத்துக்குக் கீழே கிடக்கவேண்டிய கருங்கல் ஆனையிறவுக்கு அப்பாலிருந்து, வன்னியின் பாறை நிலத்திலிருந்தும் அதற்குத் தெற்கிலிருந்தும் வந்து சேர வேண்டும். வீட்டிலே இல்லாத பண்டத்தை விலைக்கு வாங்கும் குடும்பத்தின் நிலை இது. அப்படிப்பட்ட குடும்பம் பண்டத்தைக் காத்துப் பயன்படுத்த வேண்டாமா?

காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரை புகையிரதம் முதன்முதல் ஓடியது 1902 ஆம் ஆண்டில். தெற்கிலிருந்து வந்த பாதையோடு இது இணைந்து கொழும்பிலிருந்து நேரே யாழ்ப்பாணத்துக்கு வண்டி வந்தது 1905 ஆம் ஆண்டில். யாழ்தேவி ஓடத் தொடங்கியது 1956 இல். அதன் பின்பு முப்பத்து நான்கு ஆண்டுகள்தான். 1990 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தோடு யாழ்ப்பாணத்துக்கு வண்டி நின்றது. அடுத்து வந்த போர்க்காலத்திலே தண்டவாளங்களும் சிலிப்பர்கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் கூரையாயின. பாதை இருந்த இடத்திலே வடலியும் பற்றையும் எழுந்தன. கோச்சியைப் படத்திலே மட்டும் கண்ட ஒரு தலைமுறை இங்கே வளர்ந்து ஆளாயிற்று. போர் முடிந்தபின் இந்திய அரசின் கடனுதவியோடு இந்தியாவின் இர்கொன் நிறுவனம் பாதையை அடியிலிருந்து புதிதாக அமைத்தது. 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 மார்ச்சில் பளைக்கும், 2014 ஒக்ரோபர் 13 ஆந் திகதி யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் வண்டி மீண்டும் வந்தது. யாழ்ப்பாண நிலையத்திலே அன்று கூடிய கூட்டம் ஒரு திருவிழாக் கூட்டம்.

ஒரு பாதையை இழந்து இருபத்து நான்கு ஆண்டு காத்திருந்த மக்களுக்கு அப்பாதையின் அருமை தெரியும். ஆனால் அருமை தெரிவது வேறு. அது எப்படி அழியும் என்று தெரிவது வேறு. போர் ஒரு பாதையைச் சில மாதத்திலே பெயர்த்துவிடும். கவனிப்பின்மை அதே வேலையைச் சத்தமின்றிப் பல ஆண்டிலே செய்யும்.

பளைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 56 கிலோமீற்றர். இவ்வளவு குறுகிய தூரத்துக்குள் பாதை மூன்று வகை நிலத்தைக் கடக்கிறது என்பதைப் பயணிகள் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். பளையிலிருந்து எழுதுமட்டுவாள், மிருசுவில், கொடிகாமம் வரை மணல், தென்னந்தோப்பு நிலம். நீரை உடனே உறிஞ்சிவிடும். ஆனால் சோளகக் காற்று அம்மணலை அள்ளிக் கொண்டுவந்து கற்களின் இடுக்குகளிலே நிரப்பும். நாவற்குழியிலே கடல்நீரேரியின் ஓரம். உப்பும் களியும் சேர்ந்த நிலம். அங்கே இரும்புப் பிணைப்புக்களை உப்பு அரிக்கும். அடியிலே களி ஈரத்தை விடாது பிடித்துக்கொள்ளும். பளைக்கு முன்னே ஆனையிறவு மேட்டுப்பாதையிலும் இதே கதைதான். யாழ்ப்பாண நகரைத் தாண்டிக் கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம் என்று போகையிலே சுண்ணக்கல்லின்மேற் படிந்த செம்மண். தோட்டக்காரருக்கு அது பொன். பாதைக்கு அது வில்லங்கம். ஒழுங்கைக்கு ஒழுங்கை பாதையைக் குறுக்கறுக்கிறது. உழவு இயந்திரங்களும் லொறிகளும் மாரியிலே கடவைகளைத் தாண்டும்போது சில்லோடு ஒட்டிவரும் செம்மண் முழுவதும் கல்லுக்குள்ளேதான் இறங்குகிறது.

கல்லின் இடுக்கு நிரம்பினால் என்ன என்று கேட்கலாம். இடுக்குத்தான் அக்கல்லின் உயிர்நிலை. இடுக்கு வெறுமையாயிருந்தால் ஐப்பசி, கார்த்திகை மழை விழுந்த வேகத்திலே வடிந்து ஓடிவிடும். மணலும் மண்ணும் உடைந்த கற்றூளும் அடைத்துக்கொண்டால் நீர் அங்கேயே நிற்கும். நின்ற நீரின்மேல் வண்டி ஏறும்போது கட்டை அமுங்கிச் சேற்றைப் பீச்சும். வண்டி போனதும் மேலெழுந்து சேற்றை உறிஞ்சும். ஒவ்வொரு சில்லும் ஒரு முறை இறைக்கிறது. துலாவிலே தண்ணீர் இறைப்பது போலச் சேறு இறைபடுகிறது. சேறு பூசிய கற்கள் ஒன்றையொன்று பற்ற மாட்டா. அந்த இடத்திலே கட்டை தொங்கி நிற்கும், தண்டவாளம் வளையும், வண்டி அதைக் கடக்கும்போது ஒரு பக்கம் குலுங்கும். மாரி முடிந்த கையோடு பாதையின் ஓரத்திலே நடந்து பார்த்தால், கருங்கல்லின்மேல் வெள்ளையாகவோ செம்மையாகவோ சேறு காய்ந்து படிந்திருக்கும் இடங்கள் இருக்குமானால், நோய் அங்கே இருக்கிறது என்று அறியலாம்.

மாரியின் நோய் இது. கோடையின் நோய் வேறு. முன்னாளிலே தண்டவாளத் துண்டுகளுக்கிடையே சிறிது இடைவெளி விட்டுப் பூட்டுவர். 'தடக் தடக்' என்ற தாலாட்டு அந்த இடைவெளியின் ஓசைதான். இக்காலப் பாதைகளிலே தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைத்து விடுகிறார்கள். தாலாட்டுப் போயிற்று, பயணம் மென்மையாயிற்று. ஆனால் வெயிலிலே இரும்பு நீளும் என்ற இயற்கை போகவில்லை. 30 பாகை வெப்பம் ஏறினால் ஒரு கிலோமீற்றர் நீளத் தண்டவாளம் முக்கால் முழம் நீளப் பார்க்கும். நீளவிடாமற் பிடித்து வைத்திருப்பதாலே, மீற்றருக்கு 60 கிலோ நிறையுள்ள தண்டவாளத்துக்குள் ஐம்பது தொன்னுக்கும் மேற்பட்ட விசை அடங்கிக் கிடக்கும். சித்திரை வைகாசி நண்பகலிலே யாழ்ப்பாணத்துத் தண்டவாளம் கையால் தொட முடியாத சூட்டிலே இருக்கும்போது, இத்தனை விசையும் பக்கவாட்டிலே பீறிக்கொண்டு வெளியேற வழி தேடும். அதைத் தடுத்து நிற்பது கட்டைகளுக்கு இடையிலும் அவற்றின் இரு முனைகளிலும் தோள்போலக் குவித்த சல்லிக்கல். தோளிலே கல் குறைந்த இடத்திலே தண்டவாளம் பாம்புபோல் நெளிந்துவிடும். பாதையோரக் கல்லை ஒரு கூடை, இரு கூடை என்று அத்திவாரத்துக்கு அள்ளிச் செல்வது சிறு களவு என்று எண்ணுவோர் இதைக் கேட்க வேண்டும்.

இந்நோய்களுக்கு மருந்து முன்னாளிலே மனிதக் கையால் செய்யப்பட்டது. கங்காணி ஒருவர், அவருக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு தொழிலாளர். சில மைல் நீளப் பாதை அவர்கள் பொறுப்பு. கங்காணி தண்டவாளத்தோடு கண்ணை வைத்துத் தாழ்ந்த இடத்தைக் காண்பார். அலவாங்கால் நெம்பித் தூக்கிப் பிடிக்க, மற்றவர்கள் மொட்டை முனைப் பிக்காசால் கட்டைக்கடியிலே கல்லை அடித்து இறுக்குவர். நால்வர் எதிரெதிரே நின்று பாட்டோடு அடித்த அடிக்கு ஒரு தாளம் இருந்தது. அந்தத் தாளத்தைப் பற்றி இன்று இனிமையாக நினைப்பவர்கள், அது மே மாத வெயிலிலே, நிழலற்ற மேட்டிலே, சொற்பச் சம்பளத்துக்கு அடித்த தாளம் என்பதையும் மறக்கலாகாது. ஒரு நாள் முழுவதும் அடித்து அவர்கள் முடித்தது சில பத்து யார் நீளமே.

இன்று அவ்வேலையை இயந்திரம் செய்கிறது. தொழிலாளர் வழக்கிலே அதற்கு 'டாம்பிங் மெசின்' என்று பெயர். ஒஸ்திரியா நாட்டிலே 1953 இல் தொடங்கிய பிளாசர் அன்ட் தொய்ரர் என்ற நிறுவனம் இத்துறையிலே உலகப் புகழ் பெற்றது. மஞ்சள் நிறத்திலே ஒரு தனி வண்டிபோல அது தண்டவாளத்தின்மேலேயே ஊர்ந்து வரும். தாழ்ந்த இடத்தை அளந்தறிந்து, தண்டவாளத்தைக் கட்டைகளோடு சேர்த்துக் கவ்வி மேலே தூக்கும். கோணலைப் பக்கவாட்டிலே நிமிர்த்தும். உடனே இரும்பு விரல்கள் கட்டையின் இரு பக்கமும் கல்லுக்குள் இறங்கும். அவ்விரல்கள் நொடிக்கு ஏறத்தாழ 35 முறை அதிர்ந்துகொண்டே ஒன்றையொன்று நோக்கி நெருங்கிக் கல்லைக் கட்டைக்கடியிலே தள்ளி இறுக்கும். பிறகு விரல்கள் மேலெழ, இயந்திரம் அடுத்த கட்டைக்கு நகரும். கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 1,600 கட்டைகள். பளையிலிருந்து காங்கேசன்துறை வரை கணக்கிட்டால் தொண்ணூறாயிரம். நல்ல இயந்திரம் மணிக்கு ஆயிரம் கட்டைகளுக்கு மேல் இறுக்கிவிடும். கையால் அடித்த காலத்தின் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வியப்பாயிருக்கும்.

வியப்போடு நின்றுவிடக் கூடாது. இயந்திரத்துக்கும் ஒரு குறை உண்டு. இறுக்கப்பட்ட கல் புதிய இருப்பிலே முற்றாக நிலைப்பதில்லை. வண்டிகள் ஓட ஓட, அது முன்னிருந்த பள்ளத்தையே நாடி மெல்ல இறங்குகிறது. கல்லுக்கு நினைவு உண்டு என்று பொறியியலாளர்கள் வேடிக்கையாகச் சொல்லுவர். பள்ளத்தின் காரணம் கல்லிலே இல்லாமல் அடிமண்ணின் ஈரத்திலே இருந்தால், எத்தனை முறை இறுக்கினும் அதே இடம் அதே அளவு தாழும். அதிர்விரல் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் சில கற்களின் கூர்முனை உடைகிறது. உடைந்த தூள் இடுக்கை அடைக்கிறது. நாள்தோறும் மருந்து குடித்து மருந்தே நோயாவது போல, அளவு மீறிய இறுக்கல் கல்லைக் கூழாங்கல்லாக்கி விடும். ஆகவே இயந்திரத்தை ஓட்டுமுன் அளக்க வேண்டும். காரணத்தை அறிய வேண்டும். வடிகாலைத் திறக்க வேண்டும். சேறுண்ட இடமாயின் கல்லை அடியோடு வாரிச் சல்லடையிலே சலித்து, நல்ல கல்லைத் திருப்பிப் போட்டுத் தூளை அகற்ற வேண்டும். இதற்கும் இயந்திரம் உண்டு. சங்கிலிக் கரண்டிகள் கட்டைக்கடியிலே ஓடிக் கல்லை வாரிச் சல்லடைக்கு ஏற்றும்.

இங்கே ஒரு சுவையான செய்தி. கையால் வேலைசெய்த காலத்திலே ஆங்கிலேயப் பாதைகளில் வேறொரு முறையும் இருந்தது. கட்டைக்கும் கல்லுக்கும் இடையே எவ்வளவு வெற்றிடம் என்று அளந்து, கட்டையை உயர்த்தி, அந்த அளவுக்கேற்ற பொடிக்கல்லை அளவுச் சவளால் எடுத்து அடியிலே பரப்பிவிடுவர். அடிப்பதில்லை, குலைப்பதில்லை. பழைய கல் தன் இருப்பிலே அப்படியே இருக்கும். இயந்திரம் வந்ததும் இம்முறை பழங்கதையாயிற்று. ஆனால் 1980களிலே பிரித்தானியப் புகையிரதத்தார் அதே முறையைத் தேடியெடுத்து, பொடிக்கல்லைக் காற்றினால் ஊதிச் செலுத்தும் இயந்திரம் ஒன்றை ஆக்கினர். கங்காணியின் சவள் இயந்திர வடிவிலே மறுபிறப்பெடுத்தது. கைத்தொழிலாளன் அறிந்திருந்தது அறிவன்று என்று ஒதுக்கியவர்களுக்கு இது சிறிது நாணம் தரவேண்டிய செய்தி.

கல்லையே விட்டுக் கொங்கிறீற்றுத் தளத்திலே தண்டவாளத்தைப் பதித்தால் என்ன என்று கேட்போர் உண்டு. சில நாடுகள் அப்படியும் செய்கின்றன. செலவு மிகப் பெரிது. யப்பானிலே தோக்கியோவுக்கும் ஒசாக்காவுக்கும் இடையே 1964 இல் திறந்த அதிவேகப் பாதை சல்லிக்கல்லின்மேல் அமைந்தது. மணிக்கு 285 கிலோமீற்றர் வேகத்திலே வண்டிகள் ஓடும் பாதையாக அது வளர்ந்தபின்பும் அடியிலே கிடப்பது கல்தான். ஒவ்வோர் இரவும் நள்ளிரவு தொடங்கி அதிகாலை வரை வண்டிகளை முற்றாக நிறுத்திவிட்டுப் பராமரிக்கிறார்கள். கல் பழையது என்பதாலே பாதை பழையதாகிவிடாது.

இலங்கையின் வட பகுதிக்கு இதிலே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இயந்திரம் இருந்தாலும் கல் போதாதிருந்தால் அது வெறும் காற்றைத்தான் இறுக்கும். கல் இருந்தாலும் இயந்திரத்தின் தேய்ந்த விரல்களுக்கு மாற்று விரல் வாங்க அந்நியச் செலாவணி வேண்டும். 2022 ஆம் ஆண்டிலே நாடு பட்ட பாடு எவருக்கும் மறந்திராது. பணம் இருந்தாலும் பாதையைச் சில மணி நேரம் மூடித் தர வேண்டும். ஒற்றைப் பாதையிலே வண்டியை நிறுத்தினால் பயணிகள் முறைப்படுவர். நிறுத்தாவிட்டால் இயந்திரம் கரையிலே துருப்பிடிக்கும். புதுப் பாதையைத் திறக்கும் நாளிலே மாலையும் மேளமும் உண்டு. கல்லைச் சலித்துப் போட்ட நாளிலே மாலை போட எவரும் வருவதில்லை. ஆதலால் ஆட்சியாளர் எவராயினும் பராமரிப்புப் பணத்தையே முதலிலே வெட்டுவர். இது இந்நாட்டுக்கு மாத்திரம் உரிய குற்றமன்று. எனினும் கல்லுக்கு ஆனையிறவைத் தாண்டவேண்டிய குடாநாட்டுக்கு அதன் விலை சற்றுக் கூடுதல்.

இயந்திரம் வந்த பின்பும் நடக்கும் மனிதன் வேண்டும். சுத்தியலும் திருகுச்சாவியும் தாங்கித் தன் பகுதியை நடந்து பார்க்கும் தொழிலாளி ஒருவனின் கண்ணுக்குத் தெரிவது எல்லாம் அளவுக் கருவிக்குத் தெரிவதில்லை. கடவையோரத்திலே அயல்வீட்டார் குப்பை கொட்டி மூடிய வடிகாலையும், ஆடு மாடு இறங்கி ஏறிச் சரித்த தோளையும் அவன்தான் முதலிலே காண்பான்.

இறுக்கல் வேலை முடிந்த இடத்திலே இன்னொன்று கவனிக்கலாம். கலைத்து இறுக்கிய கல் தன் பிடிப்பிலே ஒரு பகுதியைத் தற்காலிகமாக இழந்திருக்கும். அதைச் சீக்கிரம் அமரச் செய்ய, தண்டவாளத்தைப் பக்கவாட்டிலே அதிரவைத்து மேலிருந்து அழுத்தும் வேறோர் இயந்திரமும் உண்டு. ஏறத்தாழ இலட்சம் தொன் போக்குவரத்து செய்யும் வேலையை அது ஓரோட்டத்திலே செய்துவிடும் என்பர். அது கிட்டாத இடத்திலே வண்டிகளையே மெதுவாக ஓட்டிக் கல்லை அமர்த்த வேண்டும். பாதையோரத்திலே வேகத்தைக் குறைக்கும்படி பலகை நட்டிருக்கும். சாரதி வேகத்தைக் குறைப்பார். நாவற்குழி வெளியிலே வண்டி ஊரும்போது பயணிகள் யன்னலால் தலையை நீட்டிக் கோச்சி ஏன் இப்படி ஊர்கிறது என்று அலுத்துக்கொள்வர். அந்நேரம் அவர்களுக்குக் கீழே ஒவ்வொரு சில்லின் பாரத்துக்கும் ஒவ்வொரு கல்லும் சற்றே திரும்பி, பக்கத்துக் கல்லின் இடுக்கிலே தன் முனையைப் பொருத்திக்கொண்டிருக்கும். சில நாளிலே பலகையைப் பிடுங்கிவிடுவார்கள்.